பக்கம் 214

அறுநூற்றுப் பன்னிரண்டு தாள்.
கிரீஸ் டப்பாக்கள் வந்த அட்டைப்பெட்டியில்
சணல் கட்டி அனுப்பியிருந்தார் ஜும்பெர்,
சியாத்தூராவின் கம்பிவண்டிகளுக்கு
முப்பத்தோராண்டு எண்ணெய் போட்டவர்.
முதல் தாளின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை, கறுப்பாக.
அதைத்தான் முதலில் வாசித்தேன்.

திபிலீசியில் எங்கள் பதிப்பகம் என்பது
பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் இரண்டு அறை.
கீழே துளைக்கருவி கிறீச்சிடும்போதெல்லாம்
என் பென்சில் மேலே ஒன்றைப் பிடுங்கும்.
'மிக' போயிற்று. 'மிகமிக' போயிற்று.
'என்று சொன்னால் மிகையாகாது':
மிகைதான், போயிற்று.

கம்பி தேய்வதைப் பற்றி எழுதிய இடங்களில்
கை வைக்கவில்லை.
இழை அறுவதற்கு ஒரு வாரம் முன்பே
கம்பியின் சுருதி இறங்கிவிடும் என்கிறார்.
அந்த வரிக்கு எதிரே
ஒரு புள்ளி வைக்கக்கூடத் துணியவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் அவர் தம்பி, குராம்.
நாற்பத்தாறு தாள்.
மாங்கனீசுச் சுரங்கம், இரவுப் பணி, சரிந்த பாறை.
பிறகு மருத்துவமனை, வழக்கு,
நட்ட ஈட்டுக் கடிதங்கள் நகலோடு,
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்த மாலை.
தனியாகப் படித்திருந்தால் அழுதிருப்பேன்.
ஆனால் புத்தகம் அங்கே வந்து நின்றுவிடுகிறது,
ஆற்றுக்கு மேலே மின்சாரம் போன வண்டிபோல.
அப்புறம் அது மறுகரை சேரவே இல்லை.

தொலைபேசியில் சொன்னேன்.
சண்டைக்கு என்று மூன்று காரணங்கள்
எழுதி வைத்திருந்தேன்.
மறுமுனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்றார்.
மூன்றும் என் கையிலேயே இருந்தன.

பிறகு வேலை வேலையாக நடந்தது.
அட்டைக்கு நான்கு படம் வந்தது, நான்கும் சுற்றுலா விளம்பரம்.
ஐந்தாவதில் வெறும் கம்பி, வெறும் வானம்; எடுத்துக்கொண்டோம்.
காகித விலை ஏறியது.
எழுத்தை அரைப் புள்ளி இளைக்க வைத்து
பத்தொன்பது பாரத்துக்குள் அடக்கினோம், முந்நூற்று நான்கு பக்கம்.
முதுகு பதினெட்டு மில்லிமீட்டர் என்ற அச்சக ஓதார்
பதினேழு என்றார். மறுநாள் மறுபடி பதினெட்டு.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, லாமாராவின் சொல்லடைவு.
எங்கள் எழுத்தில் பெயருக்கென்று பெரிய எழுத்துக் கிடையாது;
கல்லும் மனிதனும் ஒரே உயரம்.
மூன்றாம் எழுத்தின் கீழே நின்றது:
குராம், 214.

பழைய அடைவின் மிச்சம்.
புரட்டினேன். 214 வெறுமை.
அடுத்த அத்தியாயம் வலப்புறம் தொடங்கவேண்டும் என்று
இடப்புறம் சும்மா விட்ட தாள். பக்க எண்கூட இல்லை.

பிழை என்றால் பிழைதான்.
பிழை பொறுக்கத்தான் எனக்குச் சம்பளம்.
பென்சிலை எடுத்தேன். வைத்தேன்.
கீழே துளைக்கருவி நின்றிருந்தது.
'அச்சுக்குப் போகலாம்' என்று
கையெழுத்துப் போட்டேன், தேதியோடு.

எண்ணூறு படிகள்.
சியாத்தூரா நூலகத்தில் வெளியீடு;
நாற்பது நாற்காலி, பாதிக்கு மேல் சுரங்கத்து ஆட்கள்.
பாலாடைக்கட்டி ரொட்டி பேச்சுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.
ஜும்பெர் பேசவில்லை.
புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்,
இயந்திரக் கையேட்டைத் திறந்தே பழக்கம்.
விரல் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.
புரட்டினார்.
வெள்ளைத் தாளை வெகுநேரம் வாசித்தார்.
பிறகு கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினார்.
கழுவிய விரல். தடம் விழுந்திருக்காது.

ஜனவரியில் பத்தூமியிலிருந்து ஒரு வாசகர்:
"213க்குப் பிறகு 215. நடுவில் ஒன்றும் அச்சாகவில்லை.
நல்ல படியாக ஒன்று அனுப்பவும்."
அனுப்பினோம்.
பதினைந்து நாளில் இன்னொரு கடிதம்:
"இதிலும் அப்படியே இருக்கிறது.
யார் இந்தக் குராம்?"

முதல் கடிதத்தைக் கோப்பில் போட்டாயிற்று.
இது மேசையிலேயே கிடக்கிறது,
கூர்தீட்டிய பென்சிலுக்குப் பக்கத்தில்.